அடிபட்ட லாரியின் ஸ்டியரிங்: கோளாறு காணும் முறை

லாரி வைத்திருக்கும் சங்கங்களும் அங்கத்தினர்களும் எஞ்சினைப் பற்றிக் கொள்ளும் கவலையில் பாதியளவேனும் ஸ்டியரிங்கைப் பற்றிக் கொள்வதில்லை என்பது நாம் கண்டு வரும் உண்மை. எஞ்சின் பழுதுற்றால் லாரி நின்றுவிடும். பழுது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஸ்டியரிங் பழுதுற்ற லாரியோ ஓடிக்கொண்டேயிருக்கும். கரும்புப் பாரத்துடன் வயலை விட்டுக் கிளம்பி, ஆலை வாயில் வரையில் ஒரு குறையும் காட்டாமல் வந்து, மறு வாரம் ஒரு பாலத்து வளைவில் கைவிட்டுவிடவும் கூடும். ஆகவே, சாலையை விட்டு இறங்கி அடிபட்ட லாரியின் ஸ்டியரிங்கில் என்ன கெட்டிருக்கிறது என்பதை ஒழுங்கான முறையில் கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். படிப்பவர் மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு கயிறு, ஒரு தூக்குக் குண்டு, ஒரு சுண்ணக்கட்டி, கூர்ந்து பார்க்கும் கண், உதவிக்கு ஓர் ஆள் ஆகியவை இருந்தால் இவற்றில் பெரும்பகுதியை நாமே செய்துவிடலாம்.

நமது பாதைகள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை ஒட்டிச் செல்கிறது. அதன்மேல் ஓடும் வரையில் லாரிக்கு அடிபடக் காரணம் குறைவு. ஆனால் நமது சரக்கு நெடுஞ்சாலையில் விளைவதில்லை. கரும்பு ஏற்ற வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்க வேண்டும்; புளியும் சாமையும் ஏற்ற ஜவ்வாது மலையடிவாரத்தின் கல் பாதைகளில் ஏற வேண்டும்; குடியாத்தத்து நெசவாளர் தெருக்களில் கூட, தோண்டி மூடாத பள்ளங்களைக் கடந்தே நூல் மூட்டை வீடு சேர்கிறது. பாலாற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்டில் பெரும்பகுதி மணற்படுகையாகவே கிடக்கும் அவ்வாறு, 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெருக்கெடுத்து வந்தபோது தரைப்பாலங்கள் சேதமுற்றன. அத்தகைய வேளைகளில் மணலிலும் உடைந்த கரையிலும் இறங்கிக் கடக்க நேரும் லாரிகளின் முன் சக்கரங்கள் படும் பாடு சிறிதன்று.

இவ்வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தீங்கும் உண்டு. தோல் பதனிடும் சாலைகளுக்கு வரும் பச்சைத் தோல் கெடாதிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு வரையிலும் உப்பு இடுவது வழக்கம். அத்தோலை ஏற்றி வரும் லாரியில் உப்பு நீர் பலகை இடுக்குகளின் வழியே ஒழுகி, சட்டத்தின் மீதும் ஸ்பிரிங் பட்டைகளின் மீதும் போல்ட்டுகளின் மீதும் படிகிறது. துரு வெளியில் செதிளாகத் தெரிவதற்கு முன்பே, போல்ட்டின் மரைக்குள்ளும் பட்டைகளின் இடையிலும் புகுந்துவிடும். தோல் மண்டிக்கு ஓடிய பழைய லாரியை மலிவு விலைக்கு வாங்கிக் கரும்புக்கு விடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். புது லாரி தாங்கும் அடியை, உப்புத் தின்ற லாரி தாங்காது.

திருப்பும் உறுப்புகள்

நோயைக் காண வேண்டுமானால் உடம்பின் அமைப்பை அறிய வேண்டும். ஓட்டுநர் ஸ்டியரிங் வீலைத் திருப்பினால், அச்சுழற்சி ஒரு தண்டின் வழியாக ஸ்டியரிங் பாக்ஸை அடைகிறது. பாக்ஸினுள் உள்ள திருகும் பல்லும், பல சுற்றுச் சுழற்சியைச் சிறிய, ஆனால் வலிமை மிக்க அசைவாக மாற்றுகின்றன. பாக்ஸிலிருந்து கீழே தொங்கும் கை டிராப் ஆர்ம் எனப்படும். அது முன்னும் பின்னும் ஆட, அதனுடன் இணைந்த டிராக் லிங்க் என்னும் தண்டு ஒரு பக்கத்துச் சக்கரத்தைத் திருப்பும். நம் நாட்டு லாரிகளில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், பெரும்பாலும் வலச் சக்கரமே டிராக் லிங்குடன் சேர்ந்திருக்கும். இடச் சக்கரத்துக்கு ஆணை நேராக வருவதில்லை. இரு சக்கரங்களையும் குறுக்காக இணைக்கும் டை ராடு என்னும் தண்டே வலச் சக்கரத்தின் அசைவை இடச் சக்கரத்துக்குக் கொண்டு செல்கிறது. தண்டுகளின் முனைகளில் பால் ஜாயிண்டுகள் உள்ளன. சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக நிற்பது கிங் பின். இவை அனைத்தையும் தாங்குவது முன் ஆக்ஸில். அதை ஸ்பிரிங் பட்டைகளோடு பிணைத்திருப்பவை யூ போல்ட்டுகள். ஆக்ஸில் முன்பின் நகராதபடி பட்டைக் கட்டின் நடுவே சென்டர் போல்ட் ஒன்று நிற்கிறது.

நமது மாட்டு வண்டிக்கு இரண்டே சக்கரம்; அவையும் தனித்தனியே சுழல்வதால் திரும்புவதில் தொல்லையில்லை. நான்கு சக்கர வண்டி வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே உட்சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பியாக வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் கோச்சு வண்டி செய்து வந்த லாங்கென்ஸ்பெர்கர் என்பவர் இதற்கு வழி கண்டார். அவருக்காக லண்டனில் ஆக்கர்மான் என்பவர் 1818இல் காப்புரிமை பெற்றார்; பெயரும் ஆக்கர்மானுக்கே நிலைத்துவிட்டது. சக்கரங்களோடு சேர்ந்த இரு ஸ்டியரிங் கைகளையும் நேராக வைக்காமல் சற்று உட்பக்கம் சாய்த்து வைப்பதே அவ்வமைப்பின் சூட்சுமம். இன்றைய லாரியிலும் அதே தத்துவம்தான். இதை ஏன் விரித்துக் கூறுகிறோம் எனில், அடிபட்டு ஸ்டியரிங் கை ஒன்று வளைந்தால் அந்தச் சாய்வு கெட்டுவிடும். அப்போது டை ராடைத் திருகி நேர் ஓட்டத்தைச் சரிசெய்துவிட்டாலும், வளைவில் மட்டும் டயர் கீச்சிட்டுத் தேயும். நேரிலும் தேய்கிறதா, வளைவில் மட்டுமா என்று கேட்டறிந்தாலே பாதி வழி கடந்தவராவோம்.

அடி விழும் விதம்

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். பாரத்துடன் வயலை விட்டு ஏறும் லாரியின் இடது முன் சக்கரம் வாய்க்காலில் இறங்கி, மதகுக் கல்லில் மோதி நிற்கிறது. பள்ளத்தில் விழுந்த வேகம் மேல்நோக்கித் தாக்கும். அதை ஏற்பவை பட்டை, சென்டர் போல்ட், ஆக்ஸில், கிங் பின் ஆகியவை. கல்லில் மோதிய வேகம் பின்னோக்கித் தாக்கும். ஆக்ஸிலின் இடது முனையைப் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். அதே கல் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருகவும் செய்யும். அத்திருகல் இடது ஸ்டியரிங் கை, டை ராடு, வலது சக்கரம், டிராக் லிங்க், டிராப் ஆர்ம் என்ற வரிசையில் பாக்ஸ் வரை ஓடும். வழியில் எது மெலிந்ததோ அது வளையும். பெரும்பாலும் டை ராடு வளையும். அது வளைந்ததும் மேலே போகும் விசை குறைந்து பாக்ஸ் தப்புவதும் உண்டு. தப்பாமல் போவதும் உண்டு.

இத்துடன் தீங்கு முடிவதில்லை. சிக்கிய லாரியை இழுக்கும்போது நேரும் கேடு, விழுந்தபோது நேர்ந்த கேட்டைவிடச் சில சமயம் பெரிது. டிராக்டரையோ மண்வெட்டும் யந்திரத்தையோ கொண்டு வந்து, குனிந்து பார்த்தவுடன் கைக்கு எட்டும் குறுக்குத் தண்டில் சங்கிலியைக் கட்டிவிடுகிறார்கள். கைக்கு எட்டும் குறுக்குத் தண்டு என்பது டை ராடுதான்! லாரியை இழுப்பதற்கென்று சட்டத்தில் கொக்கி வைத்திருக்கிறார்கள். அதிலேயே கட்ட வேண்டும். இழுக்கும் சமயத்தில் ஓட்டுநர் முழு பலத்துடன் ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு. பவர் ஸ்டியரிங் உள்ள லாரியில், கோடியில் சில விநாடிகளுக்கு மேல் பிடித்து வைத்தால் எண்ணெய் கொதித்துப் பம்பு கெடும். பவர் இல்லாத பழைய லாரியில் சக்கரம் கல்லைத் தட்டி உதறினால் ஓட்டுநரின் கட்டை விரல் முறியும். விரலை வீலின் உட்பக்கம் சுற்றிப் பிடிக்கலாகாது.

வயலிலேயே செய்ய வேண்டிய சோதனை

லாரி மேட்டுக்கு ஏறியவுடன் எல்லோருக்கும் தோன்றும் எண்ணம், இருட்டுவதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே. வெட்டிய கரும்பு காயும், எடை குறையும், முறை தவறும் என்ற கவலை நியாயமானதுதான். ஆயினும் கால் மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு லாரியின் முன்புறம் உட்கார்ந்து பார்க்கவும். டை ராடு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நேராக இருக்கிறதா? கண் ஏமாற்றும், அதன் நெடுகக் கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்ப்பது நலம். டிராக் லிங்கையும் அவ்வாறே காணலாம். ஆனால் சில மாடல்களில் அந்தத் தண்டு செய்யப்படும்போதே வளைவாகச் செய்யப்படுகிறது. பிறவி வளைவைப் பழுதென்று எண்ணிப் பதற வேண்டாம். அதே மாடல் லாரி வேறொன்று அருகிலிருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிறகு பால் ஜாயிண்டுகளின் ரப்பர் மூடி கிழிந்திருக்கிறதா, நட்டின் குறுக்கே செருகிய பின் இருக்கிறதா, யூ போல்ட் நட்டுகளின் அடியில் புதிதாகப் பளபளக்கும் உலோகம் தெரிகிறதா என்று பார்க்கவும். துருவும் சேறும் மூடிய இடத்தில் பளபளப்பு தெரிந்தால், அங்கே இரு உறுப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்திருக்கின்றன என்று பொருள். டயரின் உட்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்; வெளிப்பக்கம் நன்றாயிருக்க, உட்பக்கம் கல் கிழித்திருக்கும்.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, சக்கரங்கள் நேராக இருக்கும் நிலையிலிருந்து ஸ்டியரிங் வீலை இடக் கோடி வரை எத்தனை சுற்று, வலக் கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணவும். அடிபடுவதற்கு முன் இரு பக்கமும் ஏறக்குறைய ஒத்திருந்த லாரியில் இப்பொழுது பெரிய வித்தியாசம் தென்பட்டால், டிராக் லிங்கோ டிராப் ஆர்மோ வளைந்திருக்கக் கூடும், அல்லது பாக்ஸின் தண்டு முறுக்கிக்கொண்டிருக்கக் கூடும். திருப்பும்போது ஏதேனும் ஓரிடத்தில் பிடித்துப் பிடித்து விட்டால் அது பாக்ஸினுள் நேர்ந்த கேட்டின் அறிகுறி.

எங்கேனும் வெடிப்பு, கழன்ற ஜாயிண்ட், காணாமற்போன பின், நகர்ந்த ஆக்ஸில், பிடிக்கும் ஸ்டியரிங் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த லாரி தன் சக்கரத்தில் ஓடிப் பட்டறைக்குப் போகக் கூடாது. பாரத்தை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, லாரியைத் தூக்கிச் செல்லும் வண்டியில் அனுப்ப வேண்டும். அதற்காகும் வாடகையை நஷ்டம் என்று எண்ணுகிறவர்கள், நெடுஞ்சாலையில் எதிரே வரும் பஸ்ஸை ஒருகணம் நினைத்துக்கொள்வார்களாக.

பட்டறையில்

பட்டறைக்கு வந்த லாரியை நேரே அலைன்மென்ட் யந்திரத்தில் ஏற்றுவது இன்று பெருவழக்காகிவிட்டது. நாம் முக்கியமாக எச்சரிக்க விரும்புவது இதைப் பற்றியே. அலைன்மென்ட் என்பது கடைசியில் செய்யும் காரியம். டை ராடு வளைந்தால் அதன் நீளம் குறைகிறது. அது ஆக்ஸிலின் பின்புறம் இருப்பதால், நீளம் குறைந்தவுடன் சக்கரங்களின் பின் விளிம்புகள் நெருங்கி, முன் விளிம்புகள் விலகிவிடுகின்றன. லாரி நேரே போகாமல் அலையும், டயர் தேயும். யந்திரம் இந்த விலகலைக் காட்டும். டை ராடின் மரையைச் சில சுற்றுத் திருகி நீட்டினால் அளவு சரியாகிவிடும். சீட்டில் பச்சை விளக்கும் வரும். ஆனால் தண்டு வளைந்தபடியே இருக்கிறது! நேரான கம்பு எவ்வளவோ பாரம் தாங்கும்; சற்றே வளைந்த கம்பின் முனைகளை அழுத்தினால் வில்லாக வளைந்துகொடுக்கும். அடுத்த பள்ளத்தில் அது மேலும் வளையும். மரையும் வெளியே வந்துவிட்டதால் பிடிப்பும் குறைந்திருக்கும். ஆகவே உறுப்புகளைச் சோதித்து, கெட்டதை மாற்றிய பின்னரே அளவு பார்க்க வேண்டும்.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவோம். லாரி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றால் முதலில் இரு முன் டயர்களிலும் காற்றளவு ஒன்றா என்று பார்க்க வேண்டும். அது ஒத்திருந்தால், சிறிது தூரம் ஓட்டிய பிறகு இரு பக்கத்து ஹப்பையும் கை வைத்து ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரம்மினுள் புகுந்த மணலும் சிறு கல்லும் இதைச் செய்யும். இவ்விரண்டும் இல்லாவிடில் ஆக்ஸில் இடம் பெயர்ந்ததா என்று அளக்க வேண்டும். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இடப்புறமும் வலப்புறமும் கயிற்றால் அளந்தால் போதும். தறியில் பாவு சுற்றிய மரமும் நெய்த துணி சுற்றும் மரமும் ஒன்றுக்கொன்று இணையாக நில்லாவிட்டால் துணி கோணலாக வருவதை நெசவாளர் அறிவர். இரு ஆக்ஸில்களும் அப்படியே. இடது முனை பின்னுக்குப் போயிருந்தால் லாரி இடப்பக்கம் இழுக்கும். ஓட்டுநர் வலப்பக்கம் சற்றுத் திருப்பிப் பிடித்தபடியே ஓட்ட நேரும். அளவு ஒவ்வாவிடில் யூ போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தால் பெரும்பாலும் சென்டர் போல்ட் அறுந்து கிடப்பதைக் காணலாம். உப்பு நீர் பட்ட லாரியில் இது அதிகம். பின் ஆக்ஸில் நகர்ந்துவிட்ட லாரியோ நேரே போகும்போதும் நண்டைப் போல ஒரு பக்கம் சாய்ந்து செல்லும். பின்னால் வருபவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஸ்டியரிங்கில் வெற்று ஆட்டம் மிகுந்துவிட்டது என்றால் ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மேலே அமர்ந்து வீலைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் ஆட்டுவார். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க, மற்றவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் கையை வைத்து உணர்வார். ஒரு தண்டு அசைந்தும் அதனுடன் சேர்ந்த அடுத்த தண்டு உடனே அசையவில்லை எனில், ஆட்டம் அவ்விரண்டின் இணைப்பில் இருக்கிறது. மேலிருந்து வரிசையாக வர வேண்டும்: பாக்ஸ் சட்டத்தின் மீது அசைகிறதா, பாக்ஸின் தண்டு திரும்பியும் டிராப் ஆர்ம் தாமதிக்கிறதா, பிறகு டிராக் லிங்கின் இரு முனைகள், பிறகு டை ராடின் இரு முனைகள். பாக்ஸைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளே தளர்ந்திருக்க, பாக்ஸைக் கழற்றிப் புதுப்பித்துப் பணத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு.

கிங் பின்னையும் சக்கர பேரிங்கையும் பிரித்தறிய ஓர் அருமையான வழி இருக்கிறது. முன் ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மீது இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் போகலாகாது. பின் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கவும். ஆட்டம் தெரிந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைக்கவும். பிரேக் பிடித்தவுடன் ஆட்டம் நின்றுவிட்டால் பழுது பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். இதற்குக் காசு செலவே இல்லை.

ஸ்டியரிங் கனமாகிவிட்டது என்ற குறைக்கும் இதே போன்ற பிரிப்பு உண்டு. முன் ஆக்ஸில் தூக்கிய நிலையில், டிராக் லிங்கை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றிவிட்டு, சக்கரங்களைக் கையால் இட வலமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எளிதாகத் திரும்பினால் கனம் பாக்ஸிலோ பவர் பம்பிலோ இருக்கிறது. இறுகியிருந்தால் கிங் பின்னிலோ அதன் அடித் தாங்கியிலோ இருக்கிறது. வளைந்த கிங் பின் ஓர் இடத்தில் இளகி ஓர் இடத்தில் இறுகும், கிரீஸ் வறண்டது எங்கும் ஒரே சீராக இறுகும். பவர் ஸ்டியரிங் லாரிகளில் எண்ணெய்க் குழாயைக் கல் அடித்து ஒழுகச் செய்திருக்கிறதா என்பதையும், எண்ணெய் நுரைத்திருக்கிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

ஸ்டியரிங் நடுங்கினால் சக்கரத்தைச் சுழலவிட்டு, ரிம்மின் அருகே ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்துப் பார்க்கலாம். கோடு சுற்று முழுவதும் விழுந்தால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் விழுந்தால் அங்கே ரிம் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது.

வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேர் நிலைக்கு வரவில்லை என்பதும் ஒரு முக்கியமான அறிகுறி. சைக்கிளின் முன் கவை நேர் செங்குத்தாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருப்பதைப் போல, லாரியின் கிங் பின்னும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சக்கரத்தை நேர் நிலைக்கு மீட்பது அச்சாய்வே. ஆக்ஸில் முறுக்கிக்கொண்டாலோ பட்டை முறிந்தாலோ சாய்வு மாறிவிடும். ஆக்ஸில் மேல்நோக்கி வளைந்திருந்தால் அந்தப் பக்கத்துச் சக்கரத்தின் உச்சி உட்பக்கம் சாயும். சமதளத்தில் நிறுத்தி, மட்கார்டிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் இது வெளிப்பட்டுவிடும்.

வளைந்ததை நிமிர்த்தலாமா?

பட்டறையில் உடனே எழும் கேள்வி இது. புதுத் தண்டு வாங்க வேலூருக்கோ சென்னைக்கோ ஆள் அனுப்ப வேண்டும். உலையில் காய்ச்சி நிமிர்த்தினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும் என்பார்கள். டை ராடு, டிராக் லிங்க், டிராப் ஆர்ம், ஸ்டியரிங் கை ஆகியவற்றைக் காய்ச்சவும் கூடாது, நிமிர்த்தவும் கூடாது, பற்றவைக்கவும் கூடாது, மாற்றவே வேண்டும். இவை தேர்ந்த எஃகினால் வார்ப்படமின்றி அடித்துச் செய்யப்பட்டு, குறித்த சூட்டில் பக்குவப்படுத்தப்பட்டவை. கொல்லுலையின் சூடு அப்பக்குவத்தை அழித்துவிடும். பின்னர் அது மெழுகு போல் வளையலாம், அல்லது கண்ணாடி போல் உடையலாம். முன் ஆக்ஸிலை மட்டும், தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவுக்குள், தகுந்த அழுத்த யந்திரத்தில் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்தும் பட்டறைகள் உள்ளன. அதிலும் வெடிப்பு இருக்கலாகாது.

வெடிப்பைக் காணும் பழைய முறை ஒன்று நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும். உறுப்பை நன்றாகக் கழுவித் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் வைத்து, பிறகு உலரத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டித் தூளைத் தூவ வேண்டும். வெடிப்புக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல வெளியே ஊறி, வெள்ளைத் தூளில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டும். மிக நுண்ணிய வெடிப்புகள் இதற்கும் தப்பும். பெரிய பட்டறைகளில் காந்த முறையில் சோதிப்பர். கழற்றிய பின்களையும் பூட்டு நட்டுகளையும் மீண்டும் போடாமல் புதியவற்றையே போடுவது உத்தமம்.

சங்கம் கவனிக்க வேண்டியவை

லாரி அடிபட்டதை முதலில் அறிகிறவர் ஓட்டுநர். பழுதுச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சம் இருக்கும் இடத்தில் அவர் வாய் திறக்க மாட்டார். சேற்றைக் கழுவிவிட்டு லாரியைக் கொட்டகையில் நிறுத்திவிடுவார். மறுநாள் வேறொருவர் அதை ஓட்டிச் செல்வார். ஆகவே, அடிபட்டதை அன்றே தெரிவிக்கும் ஓட்டுநருக்குப் பிடித்தம் இல்லை என்று நிர்வாகக் குழு தீர்மானித்து, அதை எழுதி ஒட்டிவிடுவதே நமது கருத்தில் மிக மலிவான பாதுகாப்பு. லாரியில் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, எங்கே, எந்தச் சக்கரம், எப்படி இழுக்கப்பட்டது என்று எழுதச் சொல்ல வேண்டும். இம்மூன்று செய்தியும் மெக்கானிக்குக்கு அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

காப்பீட்டுத் தொகை கோருவதாயின் உறுப்புகளைக் கழற்றுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்க்கும்படி செய்ய வேண்டும். படமும் எடுத்து வைக்கலாம். மாற்றிய பழைய உறுப்புகளை உடனே பழைய இரும்புக் கடைக்குப் போடலாகாது.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங் வீலின் வெற்று ஆட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்றும், இணைப்புகளின் பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டுகளும் பின்களும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பில் 30 பாகை என்பது ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். இது சட்டத்தின் கடைசி எல்லை. லாரியின் கைப்புத்தகம் இதைவிடக் குறைந்த அளவைக் கூறினால் அதையே பின்பற்ற வேண்டும். தகுதிச் சான்று, எட்டு ஆண்டு வரையிலான லாரிக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. சென்ற மாதம் வாங்கிய சான்று, இந்த மாதம் வாய்க்காலில் விழுந்த லாரிக்குச் சான்றாகாது.

ஓட்டிப் பார்த்தல்

உறுப்புகள் மாற்றப்பட்ட பிறகே முன் சக்கரங்களின் அளவைப் பார்க்க வேண்டும். யந்திரம் இல்லாத இடத்தில், சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, பலகையில் அடித்த ஆணியால் டயரின் நடுவே ஒரு மெல்லிய கோடு கீற வேண்டும். இவ்வாறு கீறுவதால் ரிம்மின் கோணல் அளவைக் கெடுக்காது. பிறகு லாரியை இறக்கி, சில அடி முன்னே உருட்டி நிறுத்தி, இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஹப்பின் உயரத்தில் முன்புறமும் பின்புறமும் அளந்து, கைப்புத்தகத்தில் உள்ள வித்தியாசத்துடன் ஒப்பிட வேண்டும்.

பின்னர் பாரமின்றி, நெரிசல் இல்லாத சமமான சாலையில், மணிக்கு 20 அல்லது 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஏலகிரி மலைப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் சோதித்துப் பார்ப்போம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. பழுது பார்த்த ஸ்டியரிங்குக்கு முதல் நாளே மலைப் பாதை வேண்டாம். நேரில் வீல் நடுவாக நிற்கிறதா, வளைவுக்குப் பின் தானாக மீள்கிறதா, பிரேக் பிடிக்கையில் ஒரு பக்கம் இழுக்கிறதா என்ற மூன்றையும் கவனித்து, ஐந்து கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஹப்புகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும். முதற் பாரத்தைப் பாதியளவே ஏற்றுவது நலம். அதை இறக்கிய அன்றே யூ போல்ட் நட்டுகளையும் சக்கர நட்டுகளையும் குறித்த அளவுக்கு மறுபடி இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை இறுக்க வேண்டும். அந்த இரண்டாம் முறை இறுக்கும்போது முன் டயர்கள் இரண்டையும் உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் உள்ளங்கையால் தடவிப் பார்க்கவும். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் இறகின் விளிம்பு போலக் கூர்மையாகவும் தட்டுப்பட்டால், சக்கரங்களின் அளவு இன்னும் சரியாகவில்லை. லாரியை மறுபடி பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.